இரண்டாவது மோதிரம் வாங்கும் முன்

திருமலையப்பன் தம் திருமணத்துக்காகக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பதும், அந்தக் கடனுக்கு இன்றளவும் வட்டி கட்டிவருகிறார் என்பதும் நம் பகுதியில் குழந்தைகளும் அறிந்த கதை. புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனத்தில் ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை அவர் மணம் புரிந்தார் என்கிறது தலபுராணம். உண்டியலில் காணிக்கை இடும்போது சுவாமியின் கடன் சற்றே குறையட்டும் என்று சிரித்தபடி சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. கல்யாணச் செலவு கடவுளையே கடனாளி ஆக்கியது என்றால் நாம் எம்மாத்திரம்? ஆகவே, திருமணத்துக்கென வாங்கும் ஒவ்வொரு பொருளையும் எதற்காக வாங்குகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள்: ஒரு மோதிரம். அதிலும், நிச்சயதார்த்த மோதிரத்தோடு சேர்த்து அணிவதற்காகத் திருமண நாளுக்கென வாங்கப்படும் இரண்டாவது மோதிரம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் மோதிரம் புதிய வழக்கமன்று. தாலி கட்டி முடிந்தபின் நீர் நிறைந்த குடத்தில் மோதிரத்தைப் போட்டு, மணமக்கள் இருவரும் கைவிட்டுத் தேடும் விளையாட்டு, தமிழ் வீடுகளிலும் தெலுங்கு வீடுகளிலும் ஒன்றுபோலவே நடக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆலயத்தில் மோதிரம் மாற்றுவது சடங்கின் உயிர்நாடி. ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று என இரு மோதிரங்களை ஒரே விரலில் அணிந்து, அவற்றை நாள்தோறும் கழற்றாமல் இருப்பது அண்மையில் பரவிய பழக்கம். பெங்களூரிலும் சென்னையிலும் பணியாற்றும் நம் பிள்ளைகள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். இரண்டாவது மோதிரம் பெரும்பாலும் சிறு வைரங்கள் வரிசையாகப் பதித்த மெல்லிய வளையமாக இருக்கிறது.

இதில் தவறேதும் இல்லை. நம் கருத்து ஒன்றே: அந்த இரண்டாவது மோதிரத்தைச் சொத்தாக எண்ணி வாங்க வேண்டாம், நாள்தோறும் உழைக்கும் ஒரு பொருளாக எண்ணி வாங்குங்கள். அப்படி எண்ணினால் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். கல் எவ்வளவு பெரிது என்பதற்கு முன்னால், கல்லைப் பிடித்திருக்கும் பொன் எவ்வளவு உறுதி என்று கேட்போம்.

வைரம் உறுதிதான், மோதிரம் அப்படியா?

வைரம் நமக்கு அந்நியப் பொருளன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் கண்டெடுக்கப்படும் வரை, உலகம் அறிந்த வைரங்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றன. கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கம் அவற்றுள் பெயர்பெற்றது. நம் ராயலசீமையிலேயே அனந்தபூர்ப் பக்கத்து வஜ்ரகரூர் தன் பெயரிலேயே வைரத்தைச் சுமந்து நிற்கிறது. முதல் மழை பெய்ததும் கர்னூல், அனந்தபூர்ப் பகுதி வயல்களில் குனிந்த தலையோடு வைரம் தேடித் திரிபவர்களை ஆண்டுதோறும் செய்திகளில் காண்கிறோம். திருமலைக்கு 1513ஆம் ஆண்டு முதன்முறை வந்த கிருஷ்ணதேவராயர், நவமணிகள் இழைத்த கிரீடத்தைச் சுவாமிக்கு அளித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வைரத்தின் மீதான மயக்கத்தை நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

வைர மோதிரத்தை மண உறுதியின் அடையாளமாக்கிய வழக்கம் மட்டும் மேற்கிலிருந்து வந்தது. 1477ஆம் ஆண்டு ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு அளித்த வைர மோதிரத்தை இதன் தொடக்கமாகக் கூறுவர். அதைச் சாதாரணக் குடும்பங்கள் வரை கொண்டுசேர்த்தது விளம்பரம். வைரம் என்றும் அழியாதது என்ற பொருளில் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் எழுதப்பட்ட விளம்பர வாசகம், உலகெங்கும் அந்த எண்ணத்தை விதைத்தது.

அந்த வாசகம் கல்லுக்குப் பொருந்தும், மோதிரத்துக்குப் பொருந்தாது. ஜெர்மானியக் கனிமவியலாளர் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 9. நம் தெருப்புழுதியில் கலந்திருக்கும் வெண்கல் மணலுக்கு 7. தங்கத்துக்கோ ஏறத்தாழ 2.5 முதல் 3 வரைதான். அதாவது, உலகின் மிகக் கடினமான பொருளை, மணலால்கூடக் கீறப்படும் ஒரு மென்மையான உலோகத்தின் கையில் ஒப்படைத்திருக்கிறோம். மோதிரத்திலிருந்து வைரம் தொலைந்தது என்று கேள்விப்படும்போதெல்லாம், தோற்றது வைரமன்று, அதைப் பற்றியிருந்த பொன்னே.

வைரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது கீறலுக்கு அஞ்சாது, அடிக்கு அஞ்சும். அதன் படிக அமைப்பில் சில குறிப்பிட்ட திசைகளில் பலமாக அடிபட்டால் பிளக்கவோ ஓரம் சிதறவோ செய்யும். கூர்மையான மூலைகளை உடைய சதுர வெட்டுக் கற்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வட்டக் கற்களுக்குக் குறைவு.

வைரத்தை வைரத்தால்

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. இரண்டாவது மோதிரம் வாங்குவோர் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. ஒரே விரலில் அருகருகே இருக்கும் இரு மோதிரங்கள், கை அசையும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசுகின்றன. பாத்திரம் துலக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், கணினியில் தட்டச்சும்போதும் அந்த உரசல் தொடர்கிறது. புதிய வளையத்தின் ஓரத்தில் வைரங்கள் வெளித்தெரியும்படி அமைந்திருந்தால், அவை பழைய மோதிரத்தின் தங்கத்தை அரம்போல் சிறிது சிறிதாகத் தேய்க்கும். பழைய மோதிரத்தின் கல்லைத் தாங்கும் நுனிகள் மெலிந்து, ஒருநாள் கல் கழன்று விழும்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு நவரத்தின மோதிரமோ ராசிக்கல் மோதிரமோ போடும் குடும்பங்கள் பல. நவரத்தினத்தில் முத்தும் பவழமும் இடம்பெறுகின்றன. அவை இரண்டும் கடினத்தன்மையில் தங்கத்தைவிடச் சற்றே மேம்பட்டவை, அவ்வளவுதான். அவற்றின் பக்கத்தில் வைர வளையத்தை அணிவித்தால், ஓரிரு ஆண்டுகளில் முத்து மங்கிப் பவழம் கீறல் விழுந்து போகும். அந்த மோதிரம் பாட்டி வைத்துவிட்டுப் போனதாக இருந்தால், இழப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

ஆகவே முதல் விதி எளியது. இரண்டாவது மோதிரம் வாங்கச் செல்லும்போது முதல் மோதிரத்தை விரலில் அணிந்தே செல்லுங்கள். இரண்டையும் சேர்த்து அணிந்து, கையை மூடித் திறந்து, எங்கே உரசுகின்றன என்று பாருங்கள். முதல் மோதிரத்தின் கல் தாழ்வாகப் பதிக்கப்பட்டிருந்தால் நேரான வளையம் அதனோடு ஒட்டி உட்காராது. அதன் வடிவுக்கேற்ப வளைந்த வளையத்தைச் செய்யச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே கல்லில்லாத மெல்லிய வளையம் ஒன்றை இடுவது இன்னொரு வழி. இரண்டையும் பற்றவைத்து ஒரே மோதிரமாக்கும் முறையும் இருக்கிறது. உரசல் முற்றிலும் நிற்கும், ஆனால் பிறகு தனித்தனியே அணிய இயலாது. இவை எதுவும் வேண்டாம் என்றால், ஒன்றை வலக்கையிலும் மற்றொன்றை இடக்கையிலும் அணிந்துகொள்வது செலவே இல்லாத தீர்வு.

எந்தப் பொன்?

காரட் என்ற சொல் நம்மைக் குழப்புவதுண்டு. தங்கத்தைப் பற்றிப் பேசும்போது அது தூய்மையின் அளவு. வைரத்தைப் பற்றிப் பேசும்போது அது எடையின் அளவு. வைரத்தில் ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கையே நகைக்கடைகளில் சென்ட் என்கிறார்கள்.

தங்கத்தில் 22 காரட் என்றால் 91.6 சதவீதத் தூய்மை; 18 காரட் என்றால் 75 சதவீதம்; 14 காரட் என்றால் 58.5 சதவீதம். நம் வீட்டுப் பெரியவர்கள் 916 தவிர வேறெதையும் தங்கமாகவே கருதுவதில்லை. வளையலுக்கும் சங்கிலிக்கும் அந்த நியாயம் சரி. ஆனால் சிறு வைரங்களைத் தாங்கி நாள்தோறும் உழைக்க வேண்டிய வளையத்துக்கு 22 காரட் மிக மென்மையானது. செம்பு, வெள்ளி போன்றவை கூடுதலாகக் கலந்த 18 காரட் தங்கமே கல்லை இறுகப் பிடிக்கும். தூய்மை குறைந்ததால் ஏமாந்துவிட்டோம் என்று வருந்த வேண்டியதில்லை. கலப்பு இங்கே குறையன்று. உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை.

முதல் மோதிரம் எந்த உலோகமோ, இரண்டாவதும் ஏறத்தாழ அதே உறுதியுடையதாக இருப்பது நல்லது. மென்மையான 22 காரட் மோதிரத்தின் பக்கத்தில் உறுதியான வளையம் அமர்ந்தால், தேய்வது முதலாவதாகவே இருக்கும். வெள்ளைத் தங்கத்தை விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அதன் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தால் வருவது. நாள்தோறும் அணியும் மோதிரத்தில் அந்தப் பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் சாயல் தலைகாட்டும். அவ்வப்போது மறுபூச்சு தேவைப்படும். பிளாட்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் கீறல் விழும். எனினும் உலோகம் அவ்வளவாகக் கரைந்து போகாமல் ஒதுங்கி நிற்கும். அதனால் கல்லைப் பிடிக்கும் நுனிகள் நெடுங்காலம் தாங்கும். 950 என்ற குறி, ஆயிரம் பங்கில் 950 பங்கு பிளாட்டினம் என்பதைக் காட்டும்.

எந்தப் பதிப்பு?

தென்னிந்திய வைர நகைகளில் ஓபன் செட்டிங், க்ளோஸ் செட்டிங் என்ற இரு சொற்கள் வழக்கில் உள்ளன. முன்னதில், கல்லைச் சிறு நுனிகள் மட்டும் பிடித்திருக்கும். ஒளி எல்லாப் பக்கமும் புகுவதால் மின்னல் கூடும். பின்னதில், கல்லைச் சுற்றிப் பொன் விளிம்பு தழுவியிருக்கும், பின்பக்கமும் மூடியிருக்கும். நம் பாட்டிமார் அணிந்த ஏழு கல் தோடும் எட்டுக்கல் பேசரியும் தலைமுறைகளைக் கடந்து வந்ததில் இந்த மூடிய பதிப்புக்கும் பங்குண்டு. காதும் மூக்கும் அதிகம் அடிபடாத இடங்கள். கை அப்படியன்று.

மோதிரத்துக்கு நாம் பரிந்துரைப்பது நடுவழி. வைரங்களை வளையத்தின் இரு சுவர்களுக்கு நடுவே வாய்க்காலில் இட்டதுபோல் பதிக்கும் முறை ஒன்று. உலோகத்தில் குழிசெய்து கல்லை மேல்மட்டத்துக்குச் சமமாக அமிழ்த்தும் முறை இன்னொன்று. ஒவ்வொரு கல்லையும் பொன் விளிம்பால் சுற்றிக் கட்டுவது மூன்றாவது. இம்மூன்றிலும் கல்லின் ஓரம் பாதுகாப்பாக இருக்கும். பக்கத்து மோதிரத்தை அறுக்கவும் செய்யாது. கடைவிளக்கின் கீழ் இவை சற்றுக் குறைவாகவே மின்னும். ஆனால் கடைவிளக்கின் கீழ் நாம் இருப்பது ஒரு மணி நேரம். மோதிரம் விரலில் இருக்கப்போவது ஐம்பது ஆண்டுகள்.

நாம் கையால் உண்பவர்கள் என்பதையும் மறக்கலாகாது. நெய்ச்சோறும் தயிர்ச்சோறும் பிசையும் விரலில் திறந்த பதிப்பு மோதிரம் இருந்தால், கல்லின் அடியில் எண்ணெய்ப்பசை சேரும். வைரத்துக்கு எண்ணெய்ப்பசை மீது இயல்பான ஒட்டுறவு உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் நொறுக்கிய பாறையை நீரோடு கலந்து கொழுப்புப் பூசிய மேசைமீது ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரங்களைப் பிரித்தெடுத்தது இந்த இயல்பைக் கொண்டே. பசை படிந்த வைரம் கண்ணாடிக்கல்போல் மங்கித் தெரியும். மோதிரத்தை உண்ணும் கையில் அணிவதா மறுகையில் அணிவதா என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால், பதிப்பைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும்.

இனி, வளையத்தைச் சுற்றிலும் கல் பதிப்பதா, மேற்பாதியில் மட்டும் பதிப்பதா என்ற கேள்வி. முழுவதும் கல் பதித்த வளையம் பார்க்க அழகு. ஆனால் உள்ளங்கைப் பக்கத்துக் கற்கள் வாளிப்பிடியிலும் வண்டிப்பிடியிலும் பித்தளைப் பாத்திரத்திலும் ஓயாமல் மோதும். அதைவிடப் பெரிய சிக்கல், அளவு. கருவுற்ற காலத்தில் விரல் வீங்கும். வயதேறினால் கணு பருக்கும். சித்திரை வெயிலில் காலையில் நுழைந்த மோதிரம் மாலையில் இறுகும். பாதி வளையத்தை வெட்டி விரித்துப் பெரிதாக்க முடியும். முழுவதும் கல் பதித்ததை அவ்வாறு செய்வது மிகக் கடினம். விலையும் பாதி வளையத்துக்குக் குறைவு. ஆகவே நம் ஓட்டு பாதி வளையத்துக்கே.

தடிமனையும் தொட்டுப் பாருங்கள். எடையைக் குறைத்து விலையைக் குறைவாகக் காட்ட, வளையத்தை நூல்போல் மெலிதாக்கும் போக்கு இன்று மிகுதி. நாள்தோறும் அணியும் வளையம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெலிதாக இருந்தால் அது வளைந்து, கற்கள் தளரும். இரண்டு மில்லிமீட்டர் அளவு இருந்தால் நிம்மதி. சேமிக்க வேண்டுமானால் கல்லில் சேமியுங்கள். பொன்னின் கனத்தில் சேமிக்க வேண்டாம்.

ரசீது சொல்ல வேண்டியவை

2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது. பின்னர் மேலும் பல மாவட்டங்களுக்கு அது விரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், நகையின் தூய்மை முதலிய விவரங்கள் தெரியும். 18 காரட் மோதிரத்தின் உட்புறத்தில் 750 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். முத்திரையில் சொன்ன தூய்மையைவிடக் குறைவாக இருப்பது சோதனையில் தெரியவந்தால், குறைவுக்கு ஈடான தொகையைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, 2 கிராமுக்கும் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. மிக மெல்லிய வளையங்கள் இந்த விலக்குக்குள் நழுவிவிடக்கூடும். அவற்றையும் முத்திரையோடு கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. இரண்டாவது, ஹால்மார்க் பொன்னுக்கு மட்டுமே உறுதி சொல்கிறது. வைரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வைரத்துக்குத் தனியே ஆய்வகச் சான்று வேண்டும். அமெரிக்காவில் 1931இல் தொடங்கப்பட்ட ஜி.ஐ.ஏ. நிறுவனம் பரப்பிய முறைப்படி எடை, நிறம், தெளிவு, வெட்டு என நான்கு அளவைகளால் வைரம் தரம் பிரிக்கப்படுகிறது. வளையத்தில் பதியும் சிறு கற்களுக்குத் தனித்தனிச் சான்று பெரும்பாலும் கிடைக்காது. மோதிரம் முழுமைக்கும் ஒரே சான்றாகத் தருவார்கள். அது போதும்.

ரசீதில் மொத்த எடை, கல்லின் எடை, பொன்னின் நிகர எடை ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். கல்லின் எடைக்கும் பொன்விலை கொடுத்துவிட்டுத் திரும்புவது பழைய ஏமாற்றம். செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்பதைத் தனியே எழுதச் சொல்லுங்கள். 3 சதவீதச் சரக்கு சேவை வரி அவற்றின் மேல் வரும். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே செலுத்தினால் அதுவே பின்னாளில் உங்கள் சான்றாகவும் அமையும். அளவு மாற்றித் தருவார்களா, கல் தளர்ந்தால் இறுக்கித் தருவார்களா, திரும்பக் கொடுத்தால் பொன்னுக்கும் கல்லுக்கும் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் பெறுங்கள்.

வங்கியின் தராசில் வைரம்

அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்ற எண்ணத்தில் வைர மோதிரம் வாங்குவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது நம் கடமை. நகைக்கடன் விதிகளின்படி, நகையிலுள்ள தங்கத்தின் உள்ளார்ந்த மதிப்பு மட்டுமே கணக்கில் வரும். அதில் பதித்த கல், கொடுத்த செய்கூலி, சேதாரம் எதுவும் சேராது. 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. அவை தங்கத்தையும் வெள்ளியையும் பற்றியவை. பிளாட்டினம் அவற்றில் இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 4 கிராம் எடையுள்ள 18 காரட் வளையத்தில், ஒவ்வொன்றும் 5 சென்ட் அளவில் ஆறு வைரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வைரத்தின் எடை 30 சென்ட், அதாவது 0.06 கிராம். மீதி 3.94 கிராம் 18 காரட் தங்கம். அதிலுள்ள தூய தங்கம் ஏறத்தாழ 2.95 கிராம். ரசீதில் பெரும்பங்கு வைரத்துக்காகவே இருந்தாலும், வங்கியின் மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்வது இந்த 2.95 கிராமை மட்டுமே. அந்த மதிப்பிலும் விதி அனுமதிக்கும் விகிதம் வரைதான் கடன் கிடைக்கும். அவர் வைரத்தை அவமதிக்கவில்லை. பொன்னுக்கு நாள்தோறும் ஊரறிந்த விலை உண்டு. வைரத்துக்கு அப்படி ஒரு விலை இல்லை. ஒரே எடையுள்ள இரு வைரங்கள் விலையில் பலமடங்கு வேறுபடலாம்.

ஆகவே வீட்டின் நாளைய பாதுகாப்புக்காக ஒரு தொகையை ஒதுக்குவதானால், அதை வைப்புநிதியாகவோ கல்லில்லாத தங்கமாகவோ வையுங்கள். மோதிரத்துக்கு ஒதுக்கும் தொகையை, திரும்பி வராத செலவாகவே மனத்தில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய பிறகும் வாங்க மனம் விரும்பினால், அதுவே உங்களுக்கு ஏற்ற விலை. அந்தத் தொகைக்காகத் தனிநபர் கடன் வாங்க நேர்ந்தால், திருமலையப்பனின் வட்டியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமே என்பாரும் உண்டு. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. 2022 ஜனவரி முதல் இது நடைமுறையில் உள்ளது. மேலும், பெட்டகத்தில் உறங்கும் திருமண மோதிரம் தன் பணியைச் செய்யவில்லை. விரலில் இருப்பதற்காகவே அது பிறந்தது. விலை மிகுந்த மோதிரமானால் காப்பீடு செய்து அணிவதே முறை.

ஆய்வகத்தில் விளைந்த வைரம்

இளைய தலைமுறை கேட்கும் இன்னொரு கேள்வி: ஆய்வகத்தில் உருவாக்கிய வைரத்தை வாங்கலாமா? உறுதியை மட்டும் பார்த்தால், தாராளமாக வாங்கலாம். அதுவும் கரிமத்தின் அதே படிகமே. அதே கடினத்தன்மை, அதே மின்னல். வெறும் கண்ணால் வேறுபடுத்த இயலாது. 2023ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை இந்தத் துறைக்கு ஐந்தாண்டு ஆராய்ச்சி நிதியை அறிவித்தது. அது சென்னை ஐ.ஐ.டி.க்கு வழங்கப்பட்டது. விலை, சுரங்க வைரத்தைவிட மிகவும் குறைவு. ஆண்டுதோறும் இறங்கியும் வந்திருக்கிறது. திரும்ப விற்கும்போது சொற்பமே கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மோதிரத்தைச் சொத்தாக எண்ணாதவருக்கு அது தடையன்று. வைரத்தில் மிச்சமாகும் பணத்தைக் கனமான வளையத்துக்கும் தேர்ந்த கைவேலைக்கும் செலவிட்டால், மோதிரம் முன்னைவிட உறுதியாகும். ஆய்வக வைரம் என்பதைச் சான்றிலும் ரசீதிலும் தெளிவாக எழுதி வாங்கினால் போதும்.

வைரமே வேண்டாம், நமக்குத் தாலியும் மெட்டியும் போதாதா என்று கேட்கும் மூத்தோரையும் நாம் மதிக்கிறோம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லே இல்லாத பொன்வளையம் எல்லா வைர வளையங்களையும்விட நீடித்து உழைக்கும். வங்கியிலும் முழு மதிப்புப் பெறும். பக்கத்து மோதிரத்தை அறுக்காது. இரு தலைமுறைக்கும் இடையே வாக்குவாதம் எழும் வீடுகளில், நடுவே ஒன்றோ மூன்றோ சிறு வைரங்கள் மட்டும் உலோகத்துக்குள் அமிழ்த்திப் பதித்த கனமான வளையம் நல்ல சமரசமாக அமையும். பிள்ளைகளுக்கு வைரம் கிடைக்கும். பெரியவர்களுக்குப் பொன் கிடைக்கும்.

வாங்கிய பின்

பராமரிப்புக்கு அதிகம் வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, மோதிரத்தைச் சற்று ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். கழுவும்போது தொட்டியின் வடிகாலை அடைத்துக்கொள்ளுங்கள். சாம்பல், மணல், பற்பொடி இவற்றால் துலக்க வேண்டாம். தரை துடைக்கும் ப்ளீச்சிங் கரைசலும் நீச்சல்குளத்துக் குளோரினும் தங்கக் கலவையை அரிக்கும், அப்போது கழற்றிவிடுங்கள். வைர மோதிரத்தைப் பிற நகைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் அது மற்றவற்றைக் கீறும். தனித்துணியில் சுற்றி வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, திருமண நாளை ஒட்டி, நகை செய்யும் பத்தரிடம் இரு மோதிரங்களையும் காட்டுங்கள். கல்லைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் தளர்ந்த கல் மெல்லச் சலசலக்கும். மெல்லிய ஆடையில் இழுத்துப் பார்த்தால் தூக்கிய நுனி நூலைப் பற்றும். அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டால் செலவு சிறிது. கல் விழுந்தபின் தேடுவது, குடத்துக்குள் மோதிரம் தேடுவதைப்போல் விளையாட்டாக இருக்காது.

திருப்பதியில் ஒரு முகூர்த்த நாளில் எத்தனை விரல்களில் புதிய மோதிரங்கள் ஏறுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அவற்றில் எவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே விரலில் இருக்கும் என்பதை வைரத்தின் பருமன் தீர்மானிப்பதில்லை. கல்லை விடாமல் பற்றியிருக்கும் பொன்னும், பக்கத்தில் இருப்பதைத் தேய்க்காமல் அமர்ந்திருக்கும் வடிவமும், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் அக்கறையுமே தீர்மானிக்கின்றன. கடைக்குச் செல்லும்போது முதல் மோதிரத்தை அணிந்து செல்லுங்கள். இருவரும் சேர்ந்தே செல்லுங்கள்.